டி.ஏ.பி. கிடைக்கலையா? கடலைக்கும் எள்ளுக்கும் 'சூப்பர்' இருக்கே!

மணிச்சத்துக்காக எல்லோரும் ஒரே மூட்டையைத் தேடி ஓடுகிறோம். எண்ணெய்வித்துப் பயிர்களுக்கு அதைவிடப் பொருத்தமான உரம் அதே கடையின் மூலையில் கிடக்கிறது!

சமையலறையில் இருக்கும் தீப்பெட்டியை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். குச்சியின் தலையில் இருக்கும் மருந்தில் கந்தகம் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் உரசும் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் தீ பிடிக்கும். ஒன்று நமத்துப்போனாலும் எத்தனை முறை உரசினாலும் பயனில்லை.

வயலிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். வேறு வடிவத்தில், உரமாகப் போகும் இந்த இரண்டு பொருள்களும் சேர்ந்துதான் கதிரில் மணி பிடிக்கவும், கடலைப் பருப்பில் எண்ணெய் ஏறவும் துணை நிற்கின்றன. ஆனால், நம் விவசாயிகளில் பலர் பாஸ்பரஸுக்கு மட்டும் காசு செலவழித்துவிட்டு, கந்தகத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பருவத்திலும் விதைப்பு நேரத்தில் கூட்டுறவு சங்க வாசலிலும் உரக்கடையிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'அண்ணே, டி.ஏ.பி. வந்துடுச்சா?' வரவில்லை என்றால் விதைப்பையே தள்ளிப்போடுபவர்கள் உண்டு. நிலக்கடலை, எள், சூரியகாந்தி விதைப்பவர்கள் அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

பெயரிலேயே வேலை இருக்கிறது!

பயிருக்கான முக்கியமான மூன்று சத்துகளுக்குத் தமிழில் அழகான பெயர்கள் உண்டு. நைட்ரஜன் என்றால் தழைச்சத்து. பொட்டாசியம் என்றால் சாம்பல் சத்து. பாஸ்பரஸ் என்றால் மணிச்சத்து. தழை வளர்ப்பது ஒன்று, மணி பிடிக்க வைப்பது இன்னொன்று என்று பெயரே பாடம் சொல்லிவிடுகிறது.

மணிச்சத்தின் வேலை, மணி பிடிக்கும்போதுதான் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். விதை முளைத்த சில நாள்களிலேயே அது தொடங்கிவிடுகிறது. வேர் ஓடுவது, நெல்லில் தூர் வெடிப்பது, பூப்பது, முதிர்வது என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். இலை தயாரிக்கும் ஆற்றலை, தேவைப்படும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் மூலக்கூறே பாஸ்பரஸ் இல்லாமல் உருவாகாது. இந்தச் சத்து குறைந்தால் பயிர் குட்டையாக நிற்கும், தூர்கள் குறையும், அறுவடை தள்ளிப்போகும்.

இதன் இன்னொரு குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மணிச்சத்து மண்ணில் நகராது. யூரியாவைப் போல நீரோடு ஓடிப்போகாமல், போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதுமட்டுமல்ல, சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் கால்சியத்தோடும், செம்மண்ணிலும் புளிப்பு மண்ணிலும் இரும்பு, அலுமினியத்தோடும் சேர்ந்து இறுகிவிடும். போட்ட மணிச்சத்தில் முதல் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். மீதி மண்ணிலேயே தங்கிவிடும்.

அதனால்தான் மணிச்சத்தை அடியுரமாக, வேர் போகும் ஆழத்தில் இடச் சொல்கிறார்கள். பயிர் வளர்ந்த பிறகு மேலே தூவினால், பெரும்பகுதி வேருக்கு எட்டாமல் மேல்மண்ணிலேயே நின்றுவிடும்.

கந்தகம்: எண்ணெயின் கூட்டாளி

வெங்காயம் நறுக்கும்போது கண்ணில் நீர் வருகிறதே, அதற்குக் காரணம் கந்தகம் கலந்த ஒரு பொருள்தான். பூண்டின் வாசனை, கடுகின் காரம் எல்லாமே கந்தகத்தின் கைவண்ணம். ஆனால், அதன் முக்கியமான வேலை நம் மூக்குக்குத் தெரியாமல் நடக்கிறது.

புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் மெத்தியோனின், சிஸ்டீன் இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. கந்தகம் இல்லாவிட்டால், பயிர் உறிஞ்சிய தழைச்சத்து முழுமையாகப் புரதமாக மாறாது. யூரியாவை அள்ளிப் போட்டும் பயிர் வெளுத்தே இருக்கிறது என்றால், அதற்குக் கந்தகக் குறைவும் காரணமாக இருக்கலாம்.

அடுத்தது எண்ணெய். செடிக்குள் கொழுப்பு அமிலம் உருவாகும் வேலையின் முதல் படியில் நிற்பது 'கோ-என்சைம் ஏ' என்ற பொருள். அதில் கந்தகமும் இருக்கிறது, பாஸ்பரஸும் இருக்கிறது. தீப்பெட்டியில் சேர்ந்திருக்கும் இரண்டும் கடலைக்குள்ளும் சேர்ந்தே வேலை செய்கின்றன!

ஒரு டன் விளைச்சலுக்குப் பயிர் எடுத்துக்கொள்ளும் கந்தகத்தின் அளவைப் பாருங்கள். நெல், கோதுமை போன்ற தானியங்களுக்குச் சுமார் 3 முதல் 4 கிலோ. பயறு வகைகளுக்குச் சுமார் 8 கிலோ. எண்ணெய்வித்துகளுக்குச் சுமார் 12 கிலோ. அதாவது, நெல்லைப் போல மூன்று மடங்கு! நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். இரண்டுக்குமே கந்தகம் வேண்டும் என்பதால்தான் இவ்வளவு பசி.

நாம் உண்ணும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அந்த நிலையில், உள்ளூரில் விளையும் கடலையிலும் எள்ளிலும் எண்ணெய் குறைவது விவசாயிக்கு மட்டுமா நஷ்டம்?

மூட்டைக்குள் நடந்த மாற்றம்

ஒரு காலத்தில் கந்தகத்தைப் பற்றி யாரும் தனியாகக் கவலைப்படவில்லை. கவலைப்படத் தேவையும் இருக்கவில்லை.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் என்ற இடத்தைச் சேர்ந்த ஜான் பென்னட் லாஸ், பாஸ்பேட் பொருள்களைக் கந்தக அமிலத்தில் கரைத்து உரமாக்கும் முறைக்கு 1842-ல் காப்புரிமை பெற்றார். அதுதான் சூப்பர் பாஸ்பேட். உலகின் முதல் ரசாயன உரங்களில் ஒன்று. நம் ஊருக்கும் அது சீக்கிரமே வந்தது. பாரி நிறுவனம் ராணிப்பேட்டையில் 1906-ல் சூப்பர் பாஸ்பேட் ஆலையைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் ரசாயன உர ஆலை என்று சொல்லப்படுவது அதுதான்.

இந்த உரத்தைத் தயாரிக்கும் முறையில்தான் ரகசியம் இருக்கிறது. பாறை பாஸ்பேட்டோடு கந்தக அமிலம் சேரும்போது, பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய மணிச்சத்து உருவாகிறது. கூடவே ஜிப்சமும் உருவாகிறது. சூப்பர் பாஸ்பேட்டில் அந்த ஜிப்சத்தை யாரும் பிரித்தெடுப்பதில்லை. அது உரத்தோடு உரமாக மூட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஜிப்சம் என்றால் கால்சியமும் கந்தகமும் சேர்ந்த உப்பு. ஆக, மணிச்சத்துக்கு விலை கொடுத்தவருக்குக் கால்சியமும் கந்தகமும் இலவச இணைப்பு!

டி.ஏ.பி. தயாரிப்பும் இதே பாறையில், இதே கந்தக அமிலத்தில்தான் தொடங்குகிறது. ஆனால், இங்கே முதலில் பாஸ்பாரிக் அமிலம் தயாராகிறது. உருவாகும் ஜிப்சத்தை வடிகட்டி வெளியே ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த அமிலத்தோடு அம்மோனியா சேர்ந்தால் டி.ஏ.பி. ஒதுக்கிய ஜிப்சம், ஆலைப் பக்கம் வெள்ளைக் குன்றாகக் குவிந்துகிடக்கும்.

டி.ஏ.பி. நல்ல உரம் என்பதில் சந்தேகமில்லை. 50 கிலோ மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் இருக்கின்றன. குறைந்த எடையில் நிறைய சத்து, ஏற்றுக்கூலி குறைவு, போடுவதும் சுலபம். அதனால்தான் அது இவ்வளவு பிரபலமானது. ஆனால், மூட்டையின் சத்து அடர்த்தி கூடியபோது கந்தகம் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டது. இன்னொரு பக்கம் தொழுவுரமும் குறைந்தது. அதிக மகசூல் ரகங்கள் மண்ணிலிருந்து கந்தகத்தை எடுத்துக்கொண்டே இருக்க, திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. இந்திய மண் மாதிரிகளில் சுமார் 40 சதவீதத்தில் கந்தகப் பற்றாக்குறை இருப்பதாக வேளாண் ஆய்வுகள் சொல்கின்றன.

ஐரோப்பாவில் இதே பிரச்னை வேறு வழியில் வந்தது. அங்கே ஆலைப் புகையிலிருந்த கந்தகம் மழையோடு வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று மாசைக் கட்டுப்படுத்திய பிறகு, 1980-களிலும் 90-களிலும் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் பயிரில் கந்தகக் குறைவு தெரிய ஆரம்பித்தது. மஞ்சள் மஞ்சளாகப் பூக்க வேண்டிய வயல்களில் பூக்கள் வெளிறிப் பூத்தன. அதன் பிறகே அங்கே கந்தகத்தைத் தனியாக உரமாகப் போடத் தொடங்கினார்கள்.

ஒரு ஏக்கர் கடலைக்கு ஒரு கணக்கு

இறவை நிலக்கடலைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை, ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 25, 50, 75 கிலோ. ஏக்கருக்கு என்றால் 10, 20, 30 கிலோ. இதில் 20 கிலோ மணிச்சத்தை இரண்டு வழிகளில் கொடுக்கலாம்.

முதல் வழி டி.ஏ.பி.: சுமார் 43 கிலோ, அதாவது ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. மணிச்சத்து 20 கிலோ கிடைக்கும். கூடவே 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தழைச்சத்து கிடைக்கும். கந்தகம் இல்லை. கால்சியமும் இல்லை.

இரண்டாவது வழி சூப்பர் பாஸ்பேட்: 16 சதவீத மணிச்சத்து உள்ளது என்பதால் 125 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. மணிச்சத்து அதே 20 கிலோ. அதோடு 11 சதவீதக் கணக்கில் 13 கிலோவுக்கு மேல் கந்தகம். கால்சியம் 20 கிலோவுக்கு மேல். தழைச்சத்து மட்டும் இருக்காது. அதற்குச் சுமார் 22 கிலோ யூரியா சேர்த்துக்கொண்டால் போதும். இரண்டு வழியிலும் சாம்பல் சத்துக்கு 50 கிலோ பொட்டாஷ் வேண்டும்.

எண்ணெய்வித்துகளுக்கு ஏக்கருக்கு 8 முதல் 16 கிலோ கந்தகம் தேவை என்பது பொதுவான பரிந்துரை. சூப்பர் பாஸ்பேட் போட்டவருக்கு அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

வேளாண்மைத் துறையும் டி.ஏ.பி. தட்டுப்பாடு வரும்போதெல்லாம் ஒரு சூத்திரம் சொல்கிறது. ஒரு மூட்டை டி.ஏ.பி-க்குப் பதிலாக மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட், ஒரு மூட்டை யூரியா. இதில் மணிச்சத்து 24 கிலோ, தழைச்சத்து 20 கிலோவுக்கு மேல், கந்தகம் 16 கிலோவுக்கு மேல் கிடைக்கும். கடலை தன் வேர் முடிச்சுகள் மூலம் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் பயிர். அதனால், அதற்கு இந்தச் சூத்திரத்தில் உள்ள யூரியா முழுவதும் தேவையில்லை.

சிரமம் இல்லாமல் இல்லை. ஒரு மூட்டைக்குப் பதில் இரண்டரை மூட்டை என்றால் வண்டிக்கூலியும் ஆள்கூலியும் கூடும். சூப்பர் பாஸ்பேட் விலையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் மூட்டை விலையை மட்டும் பார்க்காமல், 'இதில் எனக்குக் கிடைக்கும் மொத்தச் சத்து எவ்வளவு?' என்று பார்த்து முடிவெடுங்கள்.

அதிக மூட்டை சுமக்க முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வழி, 20:20:0:13 காம்ப்ளக்ஸ் உரம். கடைசி எண்ணான 13, அதிலுள்ள கந்தகத்தின் சதவீதம். தழை, மணி, கந்தகம் மூன்றும் ஒரே மூட்டையில் கிடைத்துவிடும். இனி காம்ப்ளக்ஸ் மூட்டை வாங்கும்போது நான்காவது எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

40-வது நாள் ஜிப்சம் ஏன்?

விழுப்புரம், கடலூர் பக்கம் 'மல்லாட்டை' என்று சொல்லும் நிலக்கடலை ஒரு விசித்திரமான பயிர். மண்ணுக்கு மேலே பூக்கும், மண்ணுக்குள்ளே காய்க்கும். பூ கருவுற்றதும் அதிலிருந்து ஊசி போன்ற ஒரு விழுது கீழே இறங்கி, மண்ணுக்குள் நுழைந்து காயாகத் திரளும்.

கால்சியம் செடிக்குள் நீரோட்டத்தோடு மேல்நோக்கிப் போகும் சத்து. வெயில் படும் இலை நீரை ஆவியாக்கி இழுக்கும், அதோடு கால்சியமும் இலைக்குப் போய்விடும். மண்ணுக்குள் புதைந்திருக்கும் காய்க்கு அந்த இழுவை கிடையாது. அதனால் வேர் எடுத்த கால்சியம் காய்க்கு வந்து சேர்வதில்லை. தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து காயே நேரடியாக அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

இறவைப் பயிருக்கு 40 முதல் 45-வது நாளில், ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியின் ஓரத்தில் இட்டு மண் அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். விழுது இறங்கும் இடத்தில், இறங்கும் நேரத்தில் கால்சியம் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓடு திரண்டிருக்கும், உடைத்தால் உள்ளே பருப்பு இருக்காது. பொக்குக்காய்! மானாவாரியில் 40 முதல் 75 நாள்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது இடலாம்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். டி.ஏ.பி. தயாரிக்கும்போது வடிகட்டி ஒதுக்கியதும் ஜிப்சம்தான். டி.ஏ.பி-யை அடியுரமாகப் போட்ட கடலைக்கு நாம் தனியே காசு கொடுத்து வாங்கிப் போடுவதும் ஜிப்சம்தான்!

நெல்லுக்குக் கதை வேறு

அப்படியானால் எல்லாப் பயிருக்கும் கந்தகத்தை அள்ளிப் போடலாமா? கூடாது.

நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது மண்ணின் குணமே மாறுகிறது. இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்து, காற்றில்லாத சேற்றில் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. பல வருடங்களாக டி.ஏ.பி. போட்டு வரும் வயலில் மண்ணே ஒரு சேமிப்புக் கணக்கு. மண் பரிசோதனையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்தால், அந்தப் பருவத்தில் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். மகசூல் குறையாது, பணம் மிச்சம்.

மணிச்சத்து அளவுக்கு மீறினால் துத்தநாகத்தைப் பயிர் எடுப்பது தடைபடும். டி.ஏ.பி-யையும் துத்தநாக சல்பேட்டையும் ஒன்றாகக் கலந்து போடுவதும் தவறு. இரண்டும் சேர்ந்து எளிதில் கரையாத பொருளாகிவிடும். துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தனியாக இடுங்கள். அதன் பெயரிலேயே சல்பேட் இருக்கிறது, எனவே கொஞ்சம் கந்தகமும் கூடவே கிடைக்கும்.

வடிகால் இல்லாத வயலில் கந்தகம் மிகுந்தால் ஆபத்தும் உண்டு. காற்றில்லாத சேற்றில் அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அழுகிய முட்டை வாடை வரும், வேர் கறுக்கும். அப்படிப்பட்ட வயலுக்கு முதல் மருந்து உரம் அல்ல, தண்ணீரை வடித்துக் காயவிடுவதுதான்.

இலை சொல்லும் சேதி

பயிர் மஞ்சளானால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள்.

* அடி இலை, அதாவது முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். தழைச்சத்து செடிக்குள் நகரும். அதனால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குச் செடி கொடுத்துவிடும்.

* நுனியில் இளம் இலை முதலில் வெளுத்தால் கந்தகக் குறைவாக இருக்கலாம். கந்தகம் செடிக்குள் சுலபமாக நகராது. இளம் இலையின் நரம்புகள் பச்சையாக இருந்து, இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறைவு.

* பயிர் குட்டையாக, இலை கரும்பச்சையாக, மக்காச்சோளத்தில் இலையோரம் ஊதாவாக இருந்தால் மணிச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*சூப்பர் பாஸ்பேட் போட்டால் ஜிப்சம் வேண்டாமா?*
வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் கால்சியம் இருந்தாலும் அது விதைப்பின்போது அடியில் இடும் உரம். விழுது இறங்கும் நேரத்துக்கான ஜிப்சம் பரிந்துரை அப்படியே இருக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் இது இன்னும் முக்கியம்.

*டி.ஏ.பி-யே வேண்டாம் என்கிறீர்களா?*
இல்லை. உளுந்து, பச்சைப்பயறுக்குப் பூக்கும் தருணத்திலும், 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது நல்ல பலன் தரும். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்கலாம். நான்கே கிலோவில் முடிகிற வேலை இது.

*என் நிலத்துக்கு எது தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?*
மண் பரிசோதனைதான் ஒரே வழி. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பார்க்கும் 12 விவரங்களில் மணிச்சத்தும் உண்டு, கந்தகமும் உண்டு. அட்டை பீரோவில் தூங்கினால் எடுத்துப் பாருங்கள். பழையதாகிவிட்டால், கோடை உழவுக்கு முன் புதிதாக மண் எடுத்துக் கொடுங்கள். உரம் இட்ட உடனே, வரப்போரம், மரத்தடி, எருக்குழி பக்கம் மண் எடுக்கக் கூடாது.

*தொழுவுரம் போட்டால் இதெல்லாம் தேவையா?*
தொழுவுரத்தில் எல்லாச் சத்தும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. மண்ணில் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தை விடுவிக்கவும் அது உதவும். பாஸ்போபாக்டீரியாவைத் தொழுவுரத்தோடு கலந்து இட்டால் அந்த வேலை இன்னும் சுலபமாகும். ஆனால், நல்ல மகசூல் எடுக்கும் எண்ணெய்வித்துப் பயிரின் கந்தகத் தேவைக்குக் குறைந்த அளவு தொழுவுரம் மட்டும் போதாது.

பாஸ்பேட் பாறை இயற்கை ஒரு முறை கொடுத்த சொத்து. உலக இருப்பில் பெரும்பகுதி மொராக்கோ பகுதியில்தான் இருக்கிறது. நம் தேவைக்குப் பாறையாகவோ, அமிலமாகவோ, டி.ஏ.பி-யாகவோ கப்பலில்தான் பெரும்பகுதி வருகிறது. ஏற்றுமதி செய்யும் நாடு ஒன்று கதவைச் சாத்தினாலே இங்கே திண்டிவனத்தில் வரிசை நீள்கிறது. அந்த வரிசையில் நிற்கும் கடலை விவசாயி அடுத்த முறை கடைக்காரரிடம், 'சூப்பர் இருக்காண்ணே?' என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும், இருக்கும்.